எனிட் வீட்டு வாசலில் ஒரு பாய்

மில்ராய்ட், யார்க்‌ஷயர்
18 அக்டோபர் 1992

அன்புள்ள தெயுயிலா அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே குளிர் அப்படி. நம் சவாயித் தீவில் மழை வந்தால் சொல்லிவிட்டு வரும், கொட்டிவிட்டுப் போய்விடும். இங்கே அது கடன்காரன் மாதிரி வாசலிலேயே நிற்கிறது.

மேவிஸ் என்ற அம்மாவின் வீட்டு மாடி அறையில் ரக்பி கிளப் என்னைத் தங்க வைத்திருக்கிறது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முதல் நாள் கதவைத் திறந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "ஏன் ராசா, இந்த உடம்ப எந்தக் கட்டில்ல போடுறது?" என்றார். மறுநாள் இரண்டு கட்டில்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். சேப்பங்கிழங்கு கிடைக்காது, உருளைக்கிழங்குதான். அதை எத்தனை விதமாகச் செய்தாலும் உருளைக்கிழங்காகவே இருக்கிறது.

முதல் ஆட்டத்தில் இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தேன். எங்கள் கேப்டன் டெஸ் காலையில் வீடு வீடாகப் பால் போடுகிறவர், மாலையில் ஆளை முட்டித் தள்ளுகிறவர். ஆட்டம் முடிந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கடா இருந்த இத்தன வருஷமா?" என்று கத்தினார். ஆக்லாந்தில் இறைச்சிக் கிடங்கில் இருந்தேன், சிட்னியில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். அக்கா, முதல் முறையாக ஒரு கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்திற்று. தப்பாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் காது குளிர்ந்தது.

ஆட்டமெல்லாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். இதை அம்மாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
ஃபலானிகோ


சவாயி
15 நவம்பர் 1992

அன்புள்ள நிகோ,

பக்குவமாகவா? கடிதத்தைப் பிரித்தபோது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை" என்று படித்ததும் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. அதன் பிறகு மாலை ஜெபத்தில் உன் பெயர் வருவதில்லை. "ஓய்வுநாளில் வேலை செய்யும்படி ஆன எல்லாருக்காகவும்" என்று பொதுவாக வேண்டிக்கொள்கிறாள். கர்த்தருக்குத் தெரியாதா என்ன, இந்தத் தீவுக்காரர்களில் அப்படி ஒரே ஆள்தான் இருக்கிறான்.

என்னைக் கேட்டால் எனக்குப் பெருமைதான், அதை மறைக்க மாட்டேன். பந்து இல்லாத நாளில் மட்டை உரிக்காத தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் ஓடியவன் நீ. உன்னைவிடப் பெரிய பையன்கள் நான்கு பேர் தொங்கினாலும் நின்றதில்லை. ஆக்லாந்தில் பகலெல்லாம் இறைச்சி சுமந்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு ஓடினாய். சிட்னியில் மூன்று வருடம் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு வார்த்தை புலம்பி எழுதியிருக்கிறாயா? வேறு யாராவதாக இருந்தால் எப்போதோ ஊர் திரும்பிக் கொப்பரை உலர்த்திக்கொண்டிருப்பான்.

உன் கடிதத்தைப் போதகர் வீட்டில் நானே படித்தேன். பையன்கள் வீடியோ கேசட் வேண்டும் என்கிறார்கள். போதகர் வீட்டில் ஜெனரேட்டர் வந்துவிட்டது. அனுப்பி வை.

செமிசி என்னைப் பெண் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர், உனக்குத் தெரியும். அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை.

கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

அக்கா,
தெயுயிலா


மில்ராய்ட்
6 ஜனவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பக்கத்து ஊர் ஸ்டோன்கிளஃப் அணியோடு ஆட்டம். வென்றோம். மேவிஸின் அக்கா மகன் ஆட்டங்களைக் கேசட்டில் பதிவு செய்கிறான். அவனிடம் நம் ஊர் விலாசம் கொடுத்திருந்தேன், அவனே அனுப்புவான்.

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். குளிர் அதிகம். செமிசியை விசாரித்ததாகச் சொல்.

ஃபலானிகோ


சவாயி
20 பிப்ரவரி 1993

நிகோ,

நான்கு வரிக் கடிதமும் கேசட்டும் ஒரே வாரத்தில் வந்தன.

போதகர் வீட்டில் ஊரே கூடியிருந்தது. அந்த இடம் வந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஸ்டோன்கிளஃப் பையன் பந்தோடு வருகிறான். நீ எதிரே ஓடி வந்து தோளால் அவனை மோதிச் சாய்க்கிறாய். வீடே எழுந்து நின்று கத்திற்று. பையன்கள் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார்கள், மறுபடியும் கத்தினார்கள். நானும் முதல் தடவை கைதட்டினேன்.

இரண்டாம் தடவை நான் உன்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். அவன் எழவே இல்லை, நிகோ. ஒரு கை மட்டும் புல்லைப் பிறாண்டிற்று. நீ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாய். பிறகு ஸ்ட்ரெச்சர் வருகிறது. பையன்கள் அதுவரை பார்க்காமலே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் டிவிப் பெட்டியை நிறுத்தினேன்.

அந்தப் பிள்ளை யார்? உயிரோடு இருக்கிறானா? நடக்கிறானா? அவன் அம்மா யார்? "வென்றோம்" என்று எழுதிய கைக்கு இதையும் எழுதத் தெரியாதா? உனக்கு அங்கே கொம்பு முளைத்துவிட்டதா?

நடுவர் விசில் ஊதவில்லை என்று நீ சொல்வாய். அது எனக்கும் தெரிந்தது. ஆனால் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நடுவர் இல்லை.

போதகரின் தம்பி லண்டன் மாநாட்டுக்குப் போகிறார். அவர் கையில் ஒரு பாய் கொடுத்தனுப்புகிறேன். என் கல்யாணத்துக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த மெல்லிய பாய். அம்மாவே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சித்தப்பா லாரி ஓட்டி ஒரு குழந்தையின் காலை முறித்தபோது செய்ததை நீயும் பார்த்திருக்கிறாய்.

தெயுயிலா


மில்ராய்ட்
28 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. வேறு காரணம் இல்லை.

அவன் பெயர் டேரில். இருபத்திரண்டு வயது. கழுத்து எலும்பு உடைந்துவிட்டது. இரண்டு மாதம் கை கால் அசையவில்லை. இப்போது அசைகிறது, நடந்துவிடுவான் என்கிறார்கள். இனி ஆட முடியாது. அக்கா, அவன் ஆடி நீ பார்த்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்திலேயே அதற்கு முன் இரண்டு முறை என்னை ஏமாற்றிவிட்டுப் போனான். இடது பக்கம் போவதாகத் தோள் சொல்லும், ஆள் வலது பக்கம் போயிருப்பான். இந்த நாட்டில் நான் பார்த்த ஆட்டக்காரர்களில் அவன்தான் அழகு. மூன்றாவது முறை பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில்தான் ஆடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கிளப் மேலாளர், "அந்த வீட்டுப் பக்கமே போகாதே. மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொன்னா நீயே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீல் சொல்லியிருக்காரு" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஒருவனையும் சாய்க்க முடியவில்லை. எதிரே ஆள் வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. என்னை இரண்டாம் அணியில் போட்டுவிட்டார்கள். மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. டெஸ் மட்டும்தான் இன்னும் என்னோடு பேசுகிறார்.

பாய் வந்தது. விரித்துப் பார்த்தேன், அம்மாவின் பெட்டி வாசனை அடித்தது. மறுநாளே போனேன். விடிவதற்கு முன் முதல் பேருந்தைப் பிடித்து ஸ்டோன்கிளஃப் போய், டேரிலின் அம்மா எனிட் வீட்டு வாசலில் மண்டியிட்டு, பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வீட்டார் வந்து பாயை எடுக்கும்வரை எழக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

அது எனிட் வீடு இல்லை, அக்கா. இங்கே தெருவில் எல்லா வீடும் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லாக் கதவும் ஒரே மாதிரி. கதவு திறந்தது. ஒரு நாய் வந்து என்னை முகர்ந்தது. ஒரு கிழவரின் குரல், "எவன்டா இவன், கார்ப்பெட்ட நம்ம வாசல்ல போட்டுட்டுப் போயிருக்கான்?" என்றது. காலால் ஒரு தள்ளு தள்ளினார். கார்ப்பெட் இருமியதும் கத்திவிட்டார். நான் உள்ளிருந்தபடியே விஷயத்தைச் சொன்னேன். பிறகு, "எனிட் வீடு பக்கத்துக் கதவு தம்பி. இந்தா, இப்படி வா" என்று நாயின் கயிற்றை ஒரு கையிலும் என் தோளை ஒரு கையிலும் பிடித்து, மண்டியிட்டபடியே நகர்த்திக்கொண்டு போய் விட்டார்.

எனிட் வெளியே வந்தார். நான் பாய்க்கடியில் இருந்ததால் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. "என் புள்ள ஆஸ்பத்திரில கெடக்கான், நீ என் வாசல்ல வேஷம் கட்டிட்டு உக்காந்திருக்கியா? பேப்பர்காரன எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டார். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். யாரோ சொல்லிப் போலீஸ்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனாலும் எழுப்பிவிட்டார். பாயை நானே எடுத்து, நானே சுருட்டினேன். அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

மே மாதம் ஊருக்கு வந்துவிடுகிறேன். கொப்பரை உலர்த்தத் தெரியும்.

நிகோ


சவாயி
22 ஏப்ரல் 1993

அட மடையா,

தனியாகவா போனாய்?

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கார்ப்பெட் இருமிய இடத்தில் அவள் சிரித்தாள், எனிட் கதவைச் சாத்திய இடத்தில் அழுதாள். கடைசியில், "கூட யாரு போனா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். "அப்ப அந்தம்மா சாத்தினது சரிதான்" என்றாள்.

சித்தப்பா குழந்தையின் காலை முறித்த அன்று பாய்க்கடியில் உட்கார்ந்தது யார்? சித்தப்பாவா? அவர் பின்வரிசையில் இருந்தார். பாய்க்கடியில் இருந்தது நம் குடும்பத்துப் பெரியவர். அவருக்குப் பின்னால் நாம் எல்லாரும், நீயும் நானும் உட்பட. ஒருவன் செய்த தப்பு வீட்டுக்கே தப்பு, வீடே வந்து மண்டியிட வேண்டும். அதுதான் இஃபோங்கா. ஒற்றை ஆள் வாசலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் அது வேஷம்தான். அந்தம்மாவுக்கு நம் வழக்கம் தெரியாது, ஆனாலும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

"எனக்கு இங்கே குடும்பம் ஏது?" என்று கேட்காதே, கேட்டால் கோபம் வரும். உனக்குக் கட்டிலைச் சேர்த்துக் கட்டியது யார்? உன் சட்டையைத் துவைப்பது யார்? நீ சாய்க்காமல் விட்ட ஆளையெல்லாம் உனக்காகச் சாய்ப்பது யார்? வெட்கத்தை விட்டு அவர்களிடம் போய்க் கேள். தப்பு செய்யும்போது கூட்டத்தோடு செய்தாய், மன்னிப்புக்கு மட்டும் தனியாகப் போவாயா?

ஊருக்கு வருவதாக இருந்தால் வா. உன் அடுப்பு இங்கே எப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாய் உன் கையோடு திரும்பி வரக் கூடாது.

உன்னை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான். மேலாளர் தடுத்தும் போனாய் அல்லவா?

அக்கா


மில்ராய்ட்
23 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மேவிஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுதும் கேட்டார். தட்டைக் கழுவினார், கையைத் துடைத்தார். "எப்ப போறோம்?" என்றார்.

டெஸ்ஸிடம் அவரே சொல்லிவிட்டார். டெஸ் பால் வண்டியை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டு வந்தார். முன்வரிசை ஆட்கள் ஆறு பேர் கிளப் கோட்டும் டையுமாக வந்து நின்றார்கள். மேலாளருக்கு எப்படியோ தெரிந்து, "போனீங்கன்னா பாத்துக்கங்க" என்றிருக்கிறார். டெஸ், "அப்ப ஞாயித்துக்கிழம நீங்களே இறங்கி ஆடுங்க" என்றாராம்.

விடியும் நேரம், நல்ல மழை. இந்த முறை வீடு தப்பவில்லை. அந்த நாய்க்காரக் கிழவர் வால்டர் வாசலிலேயே நின்று, "இங்க, இங்க" என்று கை காட்டினார். நான் முன்னால் போய் உட்காரப் போனேன். மேவிஸ் என் கையிலிருந்து பாயை வாங்கினார். "ஒங்க அக்கா என்ன எழுதியிருக்கா? வீட்டுப் பெரியவங்கதான பாய்க்கு அடியில? அப்ப நகரு" என்றார். கோயிலுக்குப் போடும் தொப்பியோடு, மூட்டுவலியோடு, அந்த ஈரக் கல்லில் மண்டியிட்டார். பாயைத் தலைமேல் இழுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் பின்னால் மண்டியிட்டோம்.

எனிட் கதவைத் திறந்தார். முதலில் டெஸ்ஸைப் பார்த்தார், பிறகு என்னை. பாய்க்கடியில் யார் என்று புரியாமல் நின்றார். குனிந்து தொப்பியின் ஓரத்தைப் பார்த்துவிட்டார். இரண்டு பேருக்கும் பழைய பழக்கமாம்.

"மேவிஸ்? நீயா? அடி, எழுந்திரு. உனக்கு முட்டி வலி வேற."

"முடியாது. நீ பாய எடுக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதாம்."

"நீ என்னடி பண்ணின?"

"எங்க வீட்ல சாப்புடுற பையன் எனிட். அவன் பண்ணினா நான் பண்ணின மாதிரிதான்."

எனிட் மழையில் ஒரு படி இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் டேரில் வந்து நின்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறதாம். கழுத்தில் கனமான பட்டை, கையில் ஊன்றுகோல். எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தான். கண்ணை மட்டும் உருட்டித்தான் பார்க்க முடிந்தது. "அம்மா, என்னால குனிய முடியாது. நீதான் எடுக்கணும்" என்றான்.

எனிட் எடுத்தார். இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தையின் மேலிருந்து போர்வையை எடுப்பது போல எடுத்தார். அக்கா, நான் அழுதேன், டெஸ் அழுதார். ஆறு முன்வரிசை ஆட்களும் மழை முகத்தில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். எனிட் பாயை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு, ஓரத்துச் சிவப்பு இறகுகளை ஒவ்வொன்றாக நீவி உலர்த்தினார். "யார் செஞ்சது?" என்றார். எங்கள் அம்மாவின் அம்மா தொடங்கி, அம்மா முடித்தது என்றேன், அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்தது என்றேன். திருப்பித் தர வந்தார். தரக் கூடாது, தந்தால் மன்னிப்பையே திருப்பித் தந்த மாதிரி என்று பதறிச் சொன்னேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டேரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நீ நல்லாத்தான் அடிச்ச. நான் உன் இடத்துல இருந்தாலும் அப்படித்தான் அடிச்சிருப்பேன். ஆனா நீ ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். டெஸ் சண்டை போட்டு என்னை முதல் அணியில் இறக்கினார். எதிரே ஆள் வந்தான். கண் மூடவில்லை. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டிருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு இனி பாய் எங்கே, அக்கா? அது ஒன்றுதான் மனதை அறுக்கிறது.

நிகோ


மில்ராய்ட்
10 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். இந்த ஊர் லண்டனில் இறுதி ஆட்டம் ஆடி ஒரு தலைமுறை ஆகிறது. இறைச்சிக் கடைக் கண்ணாடியில் என் படம் தொங்குகிறது, தொத்திறைச்சிக்கு நடுவில். தெருவில் போனால் முன்பின் தெரியாத கிழவிகள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். இந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் என்று எனக்குப் பட்டயம் கொடுத்தார்கள். மேவிஸ் அதை அடுப்பங்கரையில் மாட்டியிருக்கிறார், எண்ணெய் தெறிக்கிறது.

ஆட்டம் உனக்கும் செமிசிக்கும் கல்யாணம் நடக்கும் நாளன்று. சனிக்கிழமை. நல்லவேளை ஞாயிறு இல்லை என்று அம்மாவுக்குச் சொல்.

எனக்குத் தெரியும், சொந்தச் சகோதரியின் கல்யாணத்தில் அடுப்பில் நிற்க வேண்டியவன் நான். பந்தியில் உனக்கும் உன் விருந்தாளிகளுக்கும் குனிந்து பரிமாற வேண்டியவன் நான். நம் வழக்கத்தில் இதற்கு மன்னிப்பு இல்லை. வருவாயா என்று நீ ஒரு வார்த்தை கேட்டால் ஆட்டத்தை விட்டுவிட்டு வருகிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இந்த சீசன் முழுவதும் டேரில் செவ்வாய்க்கிழமைதோறும் பயிற்சிக்கு வந்து கோட்டோரம் நின்று என்னைத் திட்டுகிறான். "தோளப் பாக்காதடா, இடுப்பப் பாரு!" ஆளை ஏமாற்றுகிறவனுக்குத்தான் பிடிக்கிற இடமும் தெரிகிறது. என் ஆட்டத்தில் பாதி அவனுடையது. உன் கல்யாணத்தைச் சொன்னதும், "நீ போக முடியலன்னா நான் போறேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். டிக்கெட் எடுத்துவிட்டான்.

வெயிலில் அவனைத் தொப்பி இல்லாமல் விடாதே. தோல் உரிந்துவிடும்.

நிகோ


சவாயி
12 ஜூன் 1994

அன்புள்ள நிகோ,

வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் டேரில் படகுத்துறையில் இறங்கினான். வேகவைத்த நண்டு நிறம். கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஏதோ ஒன்று. அதைக் கீழேயே வைக்கவில்லை. வீட்டு முன் வந்து பையைப் பிரித்தான். சிவப்பு இறகு தெரிந்தது.

பாய் திரும்பி வந்துவிட்டது, நிகோ. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மன்னிப்பை வாங்கிய வீடு அதைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர் யார்? உனக்கும் அவர்களுக்கும் அங்கே மறுபடியும் என்ன நடந்ததோ என்று நினைத்தேன். பாவம், அவன் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு மெதுவாக என் முன்னால் மண்டியிட்டான். கழுத்து குனியாததால் முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஊன்றுகோலைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக இறங்கினான். பாயை என் காலடியில் வைத்தான். "கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. எங்க வீட்ல இருக்கிறதுலயே நல்ல பொருள் இதுதான். உங்களுக்குன்னு வெச்சிருந்தத நாங்க வெச்சிருந்தா நல்லாருக்காதுன்னாங்க. தப்பாப் போச்சா?" என்றான்.

தப்பா! கல்யாணத்துக்குப் பாய் கொண்டுவருவது யார்? சொந்தக்காரர்கள்தானே? எனிட்டுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்துவிடுகிறார். அம்மா எழுந்து அவன் முகத்தைப் பிடித்து உச்சி முகர்ந்தாள். அதே பாயைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கல்யாணத்தன்று அடுப்பில் அவன்தான் நின்றான், உன் இடத்தில். அடுப்பில் காய்ந்த சூட்டுக் கல்லை எடுக்க விடவில்லை, வாழையிலை கிழித்துக் கொடுத்தான். புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கி முகமெல்லாம் கரி. பந்தியில் எனக்குத் தட்டு எடுத்து வந்தபோது பையன்கள் சிரித்தார்கள். சித்தப்பா ஒரு அதட்டல் போட்டார்.

நேற்று இறுதி ஆட்டக் கேசட் வந்தது. நீங்கள் தோற்றது முன்பே தெரியும், ஆனாலும் ஊர் முழுவதும் வந்தது. இன்னும் எங்களோடுதான் இருக்கிற டேரில் முன்வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில்.

நீ ஆடியதை என்ன சொல்வேன்! எதிரணியின் பாதி ஆட்டத்தை நீ ஒருவனே நிறுத்தினாய். ஒவ்வொருவனையும் சாய்த்தபின் திரும்பிக் கையை நீட்டித் தூக்கிவிட்டாய். பையன்களுக்குப் பொறுக்கவில்லை. "நேரம் போகுது, எதுக்கு இவரு கை குடுத்துட்டே நிக்கிறாரு?" என்று முனகினார்கள். கடைசி நிமிடம் வந்தது. அவர்களுடைய ஓரத்து ஆட்டக்காரனைச் சாய்க்கிறாய், பந்து அவன் கையிலிருந்து தெறித்து உன் காலடியிலேயே உருள்கிறது. முன்னால் ஒருவரும் இல்லை. எடுத்து ஓடினால் கோப்பை. "பந்து! பந்து!" என்று வீடே கத்திற்று. ஆனால் அவன் எழவில்லை. நீ பந்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாய். டெஸ் பந்தை எடுத்து ஓடினார், பாவம், அவருடைய காலுக்கு அது தூரம். பிடித்துவிட்டார்கள். நீ நடுவரைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே அவன் கழுத்துக்குக் கை கொடுத்துப் பிடித்திருந்தாய். மூச்சு அடைத்ததுதான் போலிருக்கிறது. பிறகு அவன் எழுந்து சிரிக்கிறான்.

ஒரு பையன் கோபத்தில் பெட்டியை நிறுத்தக் கை நீட்டினான்.

"நிறுத்தாத" என்றான் டேரில். "பின்னால ஓட்டு. அந்த எடத்த மறுபடியும் போடு."

போட்டார்கள். இன்னொரு முறை போடச் சொன்னான். ஜெனரேட்டரில் எண்ணெய் தீரும்வரை அந்த இடத்தையே பார்த்தோம், நிகோ. கடைசியில் பையன்களும் கத்துவதை விட்டுவிட்டார்கள்.

இன்று மாலை ஜெபத்தில் அம்மா உன் பெயரைச் சொன்னாள். அடுத்ததாக டேரில் பெயரையும் சொன்னாள்.

அக்கா,
தெயுயிலா